ஒன்பதரை மணி யாருக்கு? ஏற்காட்டு மலைக் கோயில் ஒன்றின் மூன்று சபைகள்

ஒரு கோயில் யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பத்திரத்தைத் தேட வேண்டாம், வாசலில் மாட்டியிருக்கும் ஆராதனை நேரப் பலகையைப் பாருங்கள். நான் சொல்லப்போகிற மலைக் கோயிலின், அதாவது கிறிஸ்தவ ஆலயத்தின், பலகையில் ஞாயிறு காலை 7 மணிக்குத் தமிழ் ஆராதனை, 9.30-க்கு ஆங்கில ஆராதனை என்று வெகுகாலமாக எழுதியிருந்தது. ஏழு மணிக்கு உள்ளே இடம் போதாமல் இளவட்டங்கள் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதரைக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப் பேர் வார விடுமுறைக்கு மலையேறி வந்த சுற்றுலாக்காரர்கள். இருந்தும் நல்ல நேரம் அவர்களுக்குத்தான். மார்கழிக் குளிரில் ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டி வருவது என்ன பாடு என்று மலையில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை, எனக்கு இன்னும் அங்கே போய் உட்கார வேண்டியிருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில், கல் கட்டடம், துரைமார் காலத்தது, அது போதும். சில வருடங்களுக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து எங்களுக்கும் ஒரு நேரம் கொடுங்கள் என்று கேட்டது. அதற்கப்புறம் அங்கே நடந்ததுதான் இந்த ஆய்வு. சபை மாறுவது என்றால் கொள்கைச் சண்டை, மதமாற்றம், வெளிநாட்டுப் பணம் என்று பேசுகிறவர்களுக்கு இதில் பெரிய சுவாரசியம் இருக்காது. இதில் இருப்பதெல்லாம் சம்பள நாள், சந்தை நாள், கடைசி பஸ்.

முதலில் அந்த ஒன்பதரை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஏற்காட்டில் காபி வேர்பிடித்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அவருக்குப் பின்னால் தோட்டத் துரைமார் வந்தார்கள், கோடை வந்தால் சேலத்து வெயிலுக்குப் பயந்து அதிகாரிகள் குடும்பத்தோடு மேலே ஏறினார்கள், அப்புறம் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்கள் வந்தன. குளூனி சகோதரிகளின் சேக்ரட் ஹார்ட் 1894, மான்ட்ஃபோர்ட் 1917. மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைப் பழங்குடிகள்) பெரும்பாலும் தங்கள் மலைத் தெய்வமான சேர்வராயனைக் கும்பிடுவதோடு நின்றுகொண்டார்கள். டேனிஷ் லுத்தரன் மிஷன்காரர்கள் அவர்களிடையே வேலை செய்து பார்த்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆக மலை மேல் கட்டிய ஆங்கிலக் கோயில்களுக்குச் சபை என்பது உத்தியோகத்தால் வந்தவர்கள்தான். வேலை முடிந்தால் கப்பல் ஏறிவிடுவார்கள், அல்லது அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் படுத்துக்கொள்வார்கள்.

அப்படிப் படுத்துக்கொண்டவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் கற்காலத்தையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார், அவருடைய சாம்பல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி கோயில் வளாகத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் திருத்தி எழுதிய அதே பெர்சிவல், 1882-இல் ஏற்காட்டில் இறந்தவர். தமிழ் வேதாகமத்துக்காக அவ்வளவு மெனக்கெட்ட மனிதர் கடைசியாக வாழ்ந்த ஊரில் துரைமார் கோயிலின் நல்ல நேரத்தில் தமிழ் ஒலிக்க இன்னும் எத்தனையோ தலைமுறை ஆக வேண்டியிருந்தது. இது என் எரிச்சல், ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

ஏழு மணித் தமிழ் ஆராதனைக்கு எங்கள் கோயில் பெரியவர்கள் சொல்லும் காரணம் இது: துரை வீட்டுச் சமையல்காரர், பட்லர், ஆயா, தோட்டக்காரர் எல்லோரும் விடியற்காலையில் தங்கள் ஜெபத்தை முடித்துக்கொண்டு ஓடிப்போய்த் துரைக்குக் காலைச் சாப்பாடு வைத்து அவரைக் கோயிலுக்குக் கிளப்பிவிட வேண்டும். ஆக ஏழு மணி என்பது வேலைக்காரர் நேரம். துரை போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் அந்த நேரம் போகவில்லை.

கீழே சேலத்தில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்தது. லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-இல், ஹென்றி கிரிஸ்ப் என்பவரோடு. அந்த மிஷன் பிஷப் இல்லாத வழி, ஊர்ச் சனங்களுக்கான வழி. பின்னால் வந்த ஜெர்மானியர் லெக்லர் தொழிற்பள்ளி வைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், கோட்டையில் அவர் பெயரில் இன்றும் ஆலயம் இருக்கிறது. இன்னொரு பக்கம் கலெக்டர் ஆபீஸ் அருகே கிறிஸ்துநாதர் ஆலயம். அது 1870-களில் எழுந்தது, வரைந்தவர் சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிசோம். அது ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, பிஷப் உள்ள வழி, அதிகாரிகளின் வழி. நடந்தே போய்விடலாம் என்ற தூரத்தில் இருந்த இரண்டு கோயில்களுக்கும் ஒருவரோடு ஒருவர் கொண்டு கொடுப்பது இல்லாமல் பல காலம் ஓடியது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டும் ஒரே குடைக்குள் வந்தன. 1950-இல் கோயம்புத்தூர் பேராயம் பிரிந்து ஏ.ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார், சேலமும் ஏற்காடும் அதற்குள் போயின. காகிதத்தில் இணைவது ஒரு நாள் வேலை. ஆனால் யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பது இணைய அதற்கப்புறம் முப்பது வருடமாவது ஆகியிருக்கும் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள்.

அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்து வாத்தியார்கள், ரயில்வே, தபால் துறை, வங்கி, மின்வாரியம், பிறகு உருக்காலை. இவர்கள் பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பாடி வளர்ந்தவர்கள், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதிலிருந்து அசனம் என்ற சபை விருந்து வரை எதெது எப்படி நடக்க வேண்டும் என்று திட்டமாகத் தெரிந்தவர்கள். வந்த வேகத்தில் கொயர் என்ற பாடகர் குழுவைப் பிடித்தார்கள், பிறகு கோயிலை நிர்வகிக்கும் கமிட்டியைப் பிடித்தார்கள். உள்ளூர் மிஷன் குடும்பங்கள் எங்க தாத்தா கல் சுமந்து கட்டின கோயில் என்று முணுமுணுத்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தெற்கத்தி வாத்தியார்தான், அதனால் முணுமுணுப்பு கமிட்டித் தேர்தல் நாளோடு நின்றுவிடும். கத்தோலிக்கர் பக்கம் கதை வேறு. 1930-இல் சேலம் தனி மறைமாவட்டமானது, முதல் ஆயர் பிரெஞ்சுக்காரர் புருனியே. 1960-களில் வத்திக்கான் சங்கம் முடிந்து லத்தீன் பூசை தமிழுக்கு மாறியபோது மேலிருந்து ஒரே உத்தரவில் எல்லா ஊரிலும் மாறியது. எங்கள் பக்கம் உத்தரவு இல்லை, கமிட்டிதான். நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள்.

இப்போது மலைக்கு வருவோம்.

தோட்ட வேலைக்கு உள்ளூரில் ஆள் குறைந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்களுக்கு நூறு நாள் வேலையும் வந்தது. எங்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அந்த இடத்துக்கு ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். ஊரில் எல்லோரும் அவர்களை இந்திக்காரங்க என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு இந்தி வீட்டு மொழியே இல்லை, சாத்ரி, குடுக், முண்டாரி என்று ஆளுக்கொன்று. இன்னொன்றும் யாருக்கும் தோன்றவில்லை: அவர்களில் கணிசமானவர்கள் நம்மைப் போலவே பல தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ராஞ்சிக்கு ஜெர்மன் காஸ்னர் மிஷன் வந்தது 1845-இல். அந்த லுத்தரன் சபை 1919-லேயே மிஷனரிகளை நம்பாமல் தன்னாட்சி பெற்றுவிட்டது. நம்முடைய சி.எஸ்.ஐ. பிறக்க இன்னும் 28 வருடம் இருந்தது அப்போது. 1885 முதல் கத்தோலிக்க லீவன்ஸ் சாமியார் நிலப் பிரச்சினையில் பழங்குடிகள் பக்கம் நின்றதால் திரளாகச் சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். ஆங்கிலிகன் வழியில் வந்தவர்கள் 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையான சி.என்.ஐ.-யின் சோட்டா நாக்பூர் பேராயத்தில் இருக்கிறார்கள். சி.என்.ஐ.-யும் சி.எஸ்.ஐ.-யும் ஒருவருக்கொருவர் திருவிருந்தில் பங்குகொள்ளும் சபைகள். சட்டப்படி பார்த்தால் ராஞ்சியிலிருந்து, இவர் எங்கள் சபையார் என்று சொல்லும் ஒரு சபைக் கடிதம் கொண்டுவந்தால் முடிந்தது வேலை. அந்தக் கடிதத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வேலை தேடி ரயில் ஏறும்போது யார் அதையெல்லாம் எடுத்து வைக்கிறார்கள்.

முதலில் ஏழு மணிக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் புரியவில்லை, பாட்டு புரியவில்லை, காணிக்கைப் பை வரும்போது மட்டும் எல்லாம் புரிந்தது. பிறகு அவர்களில் கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்ட ஒருவர் செயலாளரிடம் வந்து, "அண்ணா, எங்களுக்கு ஒரு மணி நேரம் போதும், நாங்களே பாடிக்குவோம், பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் மட்டும் பண்ணட்டும்" என்று கேட்டார். கமிட்டி கூடியது. யாரும் முடியாது என்று சொல்லவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நல்ல மனசுதான். ஞாயிறு மாலை 4 மணி என்று தீர்மானம் போட்டார்கள்.

தோட்டத்தில் இருக்கிறவனுக்கு அது சந்தை நேரம். வாரம் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளில்தான் அரிசி, காய், சோப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து லைனுக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தால் கடைசி பஸ் போய்விடும், இருட்டில் காட்டெருமைக்குப் பயந்துகொண்டே நடக்க வேண்டும். சில வாரம் வந்தார்கள், அப்புறம் குறைந்தது. கமிட்டி மறுபடி கூடி இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் என்று மாற்றியது. சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்தில் வாரச் சம்பளம் போடும் நேரம். கங்காணி கணக்கு பார்த்துக் காசு கொடுக்கும் வரை யார் நகர்வார்கள்? அதுவும் நவம்பர் முதல் ஜனவரி வரை அராபிகா பழம் எடுக்கும் காலம், கிலோ கணக்கில் கூலி, இருட்டும்வரை பறிப்பார்கள். கிறிஸ்துமஸ் மாதமே அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். கமிட்டியில் அப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. வாத்தியார், ஓய்வு பெற்ற அலுவலர், கடைக்காரர், விடுதி நடத்துபவர் என்று இருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மா அதே லைனில் பழம் பறித்தவர்கள்தான், ஆனாலும் ஒரு தலைமுறையில் அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

முடிவில் அவர்கள் கோயிலை விட்டுவிட்டு லைன் வீட்டு முற்றத்திலேயே பாட ஆரம்பித்தார்கள். வாடகை அறைகளில் ஜெபக்கூடம் நடத்தும் ஒரு சுயாதீனப் போதகர் பைக்கில் போய் அவர்களுக்கு ஜெபம் நடத்தினார். இரவு 8 மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, அவர்களுக்குத் தோதான நேரத்தில். இது தெரிந்ததும் கமிட்டியில் ஒரே கொதிப்பு. நம்ம ஆடுகளைத் திருடுறான் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அதுவரை அவை நம்ம ஆடுகள் என்று அவருக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலின் அப்போதைய ஆயர் (எங்கள் பக்கம் போதகரைத்தான் இப்படிச் சொல்வது), வயதில் சின்னவர், பேசாமல் ஒன்பதரை ஆராதனையைப் பொதுவாக்கிவிடலாமே என்றார். ஒரு பாட்டு ஆங்கிலம், ஒரு பாட்டு தமிழ், ஒரு பாட்டு அவர்களுடையது, வேத வாசிப்பு மூன்று மொழியில், பிரசங்கம் சின்னதாக. ஆங்கிலச் சபை ஒத்துக்கொள்ளாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்கள் மறுப்பே சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய ஆசிரியை. அண்ணன் தம்பி எல்லோரும் ஆஸ்திரேலியா போனபிறகும் மலையை விட்டுப் போகாதவர். "எனக்கு ஆர்கன் வாசிக்க ஆள் கிடைத்தால் போதும், எந்த பாஷையில் வேண்டுமானாலும் பாடுங்கள், காலி பெஞ்சைப் பார்த்துப் பாடி அலுத்துவிட்டது" என்றார்.

எதிர்ப்பு வந்தது ஏழு மணிக்காரர்களிடமிருந்து. எனக்கு இந்த விவகாரத்தில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். எங்க அப்பன் பாட்டன் காலத்திலிருந்து குளிர்ல வந்து உட்கார்றோம், ஒன்பதரையை ஒரு நாள் நாங்க கேட்டிருக்கோமா, நேற்று வந்தவங்களுக்குக் கொடுக்கறீங்க என்று ஒரு அம்மா கூட்டத்தில் எழுந்து கேட்டார். யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. உண்மைதான், அவர்கள் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்றே தோன்றாத அளவுக்கு அந்த நேரம் துரையுடையது என்று உடம்பில் ஊறியிருந்தது. துரைக்கு விட்டுக்கொடுத்தபோது வராத கோபம் பக்கத்து லைன்காரனுக்குக் கொடுக்கும்போது வந்தது. இதைப் பொறாமை என்று சொல்லித் தள்ளிவிடலாம், எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கு வர வேண்டியது பல காலமாக வராமலே இருந்தது, அதுதான் இப்போது வாய்விட்டு வந்தது.

சரி, அப்படியானால் தமிழ் ஆராதனையையே ஒன்பதரைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று சோதனைக்கு மாற்றினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. டவுனில் குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சந்தோஷம். தோட்டத்துப் பெண்களுக்குத் தோதுப்படவில்லை. ஏழுக்கு வந்தால் எட்டரைக்கு முடித்துக்கொண்டு சந்தையில் நல்ல காயாகப் பார்த்து வாங்கலாம், ஒன்பதரை என்றால் வெயில் ஏறி எல்லாம் கழிந்த காய்தான் மிஞ்சும் என்றார்கள். தமிழ்ச் சபை, தமிழ்ச் சபை என்று ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அது ஒன்றல்ல, இரண்டு என்று அன்றைக்குத்தான் கமிட்டிக்கு உறைத்தது.

இடையில் அறுப்பின் பண்டிகை வந்தது. காபி, மிளகு, பலா, சவ்சவ் என்று ஏலத்துக்குக் குவிந்தது. ஜார்க்கண்ட்காரர்களைப் பாடக் கூப்பிட்டார்கள், அவர்கள் மாந்தர் என்ற தங்கள் கொட்டோடு வந்து நின்றார்கள். கோயிலுக்குள்ள மேளமா என்று ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவருடைய தாத்தா காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனையைத் தாளம் போட்டுப் பாடியதற்கே கோயிலில் முகம் சுளித்த ஆட்கள் இருந்தார்கள் என்று அவரே எங்களுக்குப் பலமுறை சொன்னவர். கடைசியில் வாசல் படியில் நின்று பாடினார்கள், கூட்டம் முழுக்க வெளியே வந்துவிட்டது. ஏலம் அந்த வருடம் நன்றாகப் போனது, பொருளாளருக்கு மட்டும் அன்றிலிருந்து மாந்தர் மேல் தனிப் பிரியம்.

இதையெல்லாம்விடக் கடினமான கேள்வி கல்லறைத் தோட்டத்தில் வந்தது. லைன் வீட்டில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார், ஊருக்கு உடலைக் கொண்டுபோகக் குடும்பத்திடம் பணமில்லை. எங்கள் விதிப்படி சந்தா கட்டிப் பெயர் பதிந்த குடும்பத்துக்குத்தான் கல்லறையில் இடம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காலையில் ஆரம்பித்த பேச்சு மத்தியானம் வரை இழுத்தது, ஆயர் கடைசியில் கமிட்டி என்னை அப்புறம் கேள்வி கேட்கட்டும் என்று குழி வெட்டச் சொல்லிவிட்டார். தமிழ்க் குடும்பங்களின் பகுதியில்தான் வைத்தார்கள், துரைமார் பகுதியில் அல்ல. துரைமார் பகுதியில் இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. அன்று குழி வெட்டியவர்களில் இருவர் கூட்டத்தில் ஒன்பதரைக்காகச் சண்டை போட்ட வீட்டுப் பையன்கள்.

கீழே சேலத்தில் இப்போது எதிர்த்திசையில் ஒன்று நடக்கிறது. என் சொந்தக்காரர்கள் போகும் டவுன் கோயிலில் ஆங்கில ஆராதனைக்குத்தான் கூட்டம் ஏறுகிறது. வருகிறவர்கள் துரைமாரும் இல்லை, ஆங்கிலோ இந்தியரும் இல்லை, இங்கிலீஷ் மீடியத்தில் படித்துத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாத நம் வீட்டுப் பிள்ளைகள். பாட்டி ஏழு மணிக்குப் போகிறார், பேத்தி ஒன்பதரைக்கு கிட்டாரோடு போகிறாள், ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டில் இரண்டு தடவை ஸ்கூட்டி கிளம்புகிறது. மலைக் கோயிலுக்கும் இது வரும், மேலே இருக்கிற பள்ளிக்கூடங்களைப் பார்த்தால் சீக்கிரமே வரும் என்று தோன்றுகிறது. அப்போது ஒன்பதரையைக் கேட்டு நிற்கப்போவது நான்காவது கூட்டம், அதுவும் ஏழு மணிக்காரர்களின் பேரப்பிள்ளைகள்.

இன்றைய நிலவரம் இது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்பதரைக்குப் பொது ஆராதனை, மூன்று மொழியும் உண்டு. மற்ற ஞாயிறுகளில் ஏழுக்குத் தமிழ், ஒன்பதரைக்கு ஆங்கிலம், பழையபடிதான். ஆயர் மாதம் இரண்டு முறை இரவு எட்டு மணிக்கு லைன் வீட்டுக்கே போய்வருகிறார், அந்த பைக் போதகரும் அங்கே வருகிறார், இருவரும் இப்போது நல்ல சிநேகம். பொது ஆராதனையில் கூட்டம் நன்றாகவே இருக்கிறது என்றாலும் ஜார்க்கண்ட்காரர்கள் இன்னும் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள், முன்னால் வாருங்கள் என்று ஆயர் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களில் சில குடும்பங்களுக்கு ராஞ்சியிலிருந்து சபைக் கடிதம் வாங்க செயலாளர் எழுதியிருக்கிறார். கடிதம் வந்து, சந்தாவும் கட்டினால், அடுத்த கமிட்டித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு உண்டு. தோட்டத்து ஆள் ஒருவர் நிற்பார் என்று பேச்சு அடிபடுகிறது. அவரிடம் கேட்டேன். கூட்டத்தை எப்போது வைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என்றேன். "அப்போ எப்படி அண்ணா வர்றது, அன்னைக்குத்தானே சம்பளம்" என்றார். செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.